இரண்டு நாடுகளுக்கு அரசியான பிரெஞ்சு இளவரசி மார்கரித்

கேள்வி இதுதான்: மத்தியகாலத்தில் பிரெஞ்சு இளவரசிகளை அரசியல் காரணங்களுக்காக நாடு நாடாகக் கட்டிக்கொடுத்தார்களே, அந்தப் பெண்களுக்கு அதில் ஏதாவது சொல்ல இடமிருந்ததா, இல்லை வெறும் சதுரங்கக் காய்கள்தானா?

கல்யாணம் பேசும்போது இடமில்லை. பெரும்பாலும் பேசத் தெரியாத வயதிலேயே பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் கணவர் இறந்த பிறகு நிலைமை மாறும். கணவர் வீட்டில் அவளுக்கென்று எழுதிவைத்த சொத்து அப்போதுதான் அவள் கைக்கு வரும். அதை வைத்து அவள் என்ன செய்தாள் என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும். இதற்கு நல்ல உதாரணம் பிரான்ஸின் ஏழாம் லூயி மன்னரின் மகள் மார்கரித். முதலில் இங்கிலாந்தின் அரசி, அப்புறம் ஹங்கேரியின் அரசி, கடைசியில் சிலுவைப் போருக்குப் புறப்பட்டுப் போய் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் இறந்தவர். பள்ளிப் பாடங்களில் இவர் பெயர் வருவதில்லை. மாமியார் எலினோரும் மைத்துனர் ரிச்சர்டும் எல்லா வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. ஏழாம் லூயியின் முதல் மனைவி அக்விட்டேன் நாட்டு எலினோர். பிரான்ஸின் தென்மேற்குப் பகுதி முழுக்க அவருடைய பரம்பரைச் சொத்து. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன, ஆண் வாரிசு இல்லை. 1152 மார்ச்சில், நெருங்கிய இரத்த உறவு என்ற காரணம் காட்டி அந்தத் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தார்கள். இரண்டே மாதத்தில் எலினோர் ஆஞ்சூவின் ஹென்றியை மணந்தார். அந்த ஹென்றி 1154-இல் இங்கிலாந்தின் மன்னரானார். அவர்தான் இரண்டாம் ஹென்றி. நார்மண்டி, ஆஞ்சூ, அக்விட்டேன் என்று பிரான்ஸின் மேற்குப் பாதி ஏற்கெனவே அவர் கையில். பெயரளவில் அவர் லூயிக்கு அடங்கிய சிற்றரசர், உண்மையில் லூயியைவிடப் பெரிய ஆள்.

லூயி இரண்டாவதாகக் காஸ்டீல் நாட்டு கான்ஸ்டன்ஸை மணந்தார். அவர்களுக்கு 1158 வாக்கில் பிறந்தவர்தான் மார்கரித். மறுபடியும் பெண்.

அந்த ஆண்டே இரண்டாம் ஹென்றி தன் மூன்று வயது மகன் ஹென்றிக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். போனவர் சாதாரண ஆளில்லை, அவருடைய சான்சலர் (தலைமை அதிகாரி) தாமஸ் பெக்கெட். பிற்காலத்தில் கான்டர்பரி பேராலயத்தில் வெட்டிக் கொல்லப்பட்டுப் புனிதரான அதே பெக்கெட். அப்போது அவரிடம் துறவின் வாசனையே கிடையாது. சுமார் இருநூறு குதிரை வீரர்கள், இருபத்து நான்கு ஜோடி உடைகள், இங்கிலாந்தின் பீரை ஏற்றிய வண்டிகள், வேட்டை நாய்கள், பொதி சுமக்கும் குதிரைகளின் முதுகில் குரங்குகள் என்று அந்த ஊர்வலத்தை அவருடன் பழகிய ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஒரு சான்சலரே இப்படி வந்தால் அவருடைய ராஜா எப்படி இருப்பார் என்று வழியெல்லாம் ஜனங்கள் பேசிக்கொள்ள வேண்டும், அதுதான் நோக்கம்.

லூயி சம்மதித்தார். யோசித்துப் பாருங்கள், தன்னை விட்டுப் போன மனைவியின் மகனுக்குத் தன் மகளைக் கொடுக்கிறார். எலினோர் லூயிக்குப் பெற்ற மூத்த பெண் மாரி, மணமகளுக்கு அப்பா வழியில் அக்கா, மணமகனுக்கு அம்மா வழியில் அக்கா. லூயிக்கு இது உறுத்தாமல் இல்லை. பெண்ணை ஹென்றியின் பொறுப்பில் விடலாம், ஆனால் எலினோர் வளர்க்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். ஹென்றியே பாரீசுக்கு வந்து கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். வளர்க்கும் பொறுப்பு நார்மண்டி அதிகாரி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

குழந்தையோடு சேர்ந்து பேசப்பட்டது சீதனம். உண்மையில் பேச்சே அதைப் பற்றித்தான். பாரீசுக்கும் நார்மண்டியின் ரூவான் நகரத்துக்கும் நடுவில், சேன் ஆற்றின் வடகரையில் வெக்ஸின் என்ற சிறு பகுதி இருக்கிறது. அதன் நடுவே ஓடும் எப்த் என்ற சின்ன ஆறுதான் இரண்டு அரசுகளுக்கும் எல்லை. ஆற்றங்கரையில் ஜிஸோர் கோட்டை. அது யார் கையில் இருக்கிறதோ, அவர்களுடைய குதிரைப் படை இரண்டு நாளில் எதிரியின் தலைநகர் வாசலில் நிற்கும். வெக்ஸினின் நார்மண்டிப் பாதியைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஹென்றியின் குடும்பம் லூயிக்கு விட்டுக்கொடுத்திருந்தது. அதைச் சண்டையில்லாமல் திரும்ப வாங்குவதற்கு ஹென்றி கண்டுபிடித்த வழிதான் இந்தக் கல்யாணம். கூடவே இன்னொரு கணக்கும் இருந்திருக்கும்: லூயிக்கு ஆண் வாரிசே பிறக்காவிட்டால் மருமகன் பக்கம் என்னென்ன உரிமைகள் பேசலாம்!

லூயியும் ஏமாளி இல்லை. திருமணம் நடக்கும் வரை கோட்டைகள் டெம்ப்ளர் வீரத்துறவிகளின் பொறுப்பில் இருக்கும், அவர்கள் இருவருக்கும் பொதுவானவர்கள் என்று ஏற்பாடு. குழந்தைகள் வளர்ந்து கல்யாணம் நடக்க எப்படியும் பத்துப் பதினைந்து வருஷமாகும் என்று நினைத்திருப்பார். 1160-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஒரு வாசகம் உள்ளே வந்தது: திருச்சபை அனுமதித்தால் திருமணத்தை முன்கூட்டியே நடத்தலாம். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் போயிற்று.

அந்த ஆண்டு இரண்டு பேர் தாங்கள்தான் போப் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் அலெக்சாண்டருக்கு ஆங்கிலேய, பிரெஞ்சு மன்னர்களின் ஆதரவு உயிர்நாடி. அக்டோபர் 4 அன்று மார்கரித்தின் தாய் கான்ஸ்டன்ஸ், அலிஸ் என்ற இன்னொரு பெண்ணைப் பெற்றுவிட்டு இறந்துபோனார். லூயி துக்கம் கொண்டாடவில்லை, ஐந்தே வாரத்தில் ஷாம்பேன் குடும்பத்து அதேலாவை மணந்தார். அதேலாவின் அண்ணன்மார்தான் லூயியின் மூத்த மகள்களுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளைகள். ஆக, வரப்போகும் மருமகன்களே மைத்துனர்களாகவும் ஆனார்கள். இந்தக் கூட்டணி தனக்கு எதிரானது என்று ஹென்றிக்குத் தெரியும். புது மனைவிக்கு மகன் பிறந்தால் நிலைமை இன்னும் மோசம். லூயியின் கல்யாணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே, 1160 நவம்பர் 2 அன்று, அலெக்சாண்டரின் தூதர்களாக வந்திருந்த கர்தினால்களிடம் அனுமதி வாங்கி, நார்மண்டியில் நூபூர் என்ற ஊரில் குழந்தைகளுக்குத் திருமணத்தை நடத்திவிட்டார். மாப்பிள்ளைக்கு ஐந்து வயது. பெண்ணுக்கு இரண்டு.

ஒப்பந்தத்தின் நிபந்தனை நிறைவேறிவிட்டதே! டெம்ப்ளர்கள் கோட்டைகளை ஹென்றியிடம் கொடுத்தார்கள். லூயி கொதித்துப்போய் அவர்களைத் தன் ஆட்சிப் பகுதியிலிருந்து விரட்டினார். ஹென்றி அவர்களுக்குப் பரிசு கொடுத்து ஆதரித்தார். எழுத்தளவில் ஹென்றி எந்த விதியையும் மீறவில்லை என்பதுதான் லூயியின் ஆத்திரத்துக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். உங்கள் கேள்வியிலிருக்கும் "காய்" என்ற சொல் முழுசாகப் பொருந்துவது இந்த இடத்தில்தான்.

அடுத்த பத்து வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1165-இல் லூயிக்குக் கடைசியாக ஒரு மகன் பிறந்தான். பின்னாளில் பிலிப் அகஸ்டஸ் என்று அறியப்பட்டவர், மார்கரித்தின் தம்பி. 1170 ஜூனில் இரண்டாம் ஹென்றி, தான் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டினார். பிரெஞ்சு அரச குடும்பத்தில் இது வழக்கம், இங்கிலாந்தில் புதுசு. அதனால்தான் அந்த மகனுக்கு "இளைய மன்னர்" என்று பெயர். முடிசூட்டும் உரிமை கான்டர்பரி பேராயரான பெக்கெட்டுடையது. ஆனால் அவர் மன்னரோடு சண்டைபோட்டுப் பிரான்ஸில் தஞ்சம் புகுந்திருந்தார். யார்க் பேராயர் அந்தக் காரியத்தைச் செய்தார். மார்கரித்தையோ நார்மண்டியிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள், கணவருக்கு மட்டும் கிரீடம்! மகளை அவமானப்படுத்திவிட்டதாக லூயி குதித்தார். இந்த முடிசூட்டு விவகாரம் கிளப்பிய சண்டைதான் அந்த டிசம்பரில் பெக்கெட்டின் கொலையில் போய் முடிந்தது. இதற்கெல்லாம் பரிகாரமாக 1172 ஆகஸ்ட் 27 அன்று வின்செஸ்டரில் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து இன்னொரு முறை முடிசூட்டு விழா நடந்தது. மார்கரித்துக்கு அப்போது பதினான்கு வயது.

கிரீடம் கிடைத்தது, நாடு கிடைக்கவில்லை. இளைய மன்னருக்கு அப்பா ஒரு கோட்டையைக்கூடச் சொந்தமாக ஆள விடவில்லை. 1173-இல் கடைசித் தம்பி ஜானுக்குக் கல்யாணம் பேசியபோது, ஷினோன் உட்பட மூன்று கோட்டைகளை அவனுக்கு எழுதிவைக்கப் பார்த்தார். அவை இளைய மன்னருக்கு வரவேண்டியவை. அதுதான் கடைசிப் பொறி. ஒரு கல்யாணத்தால் வந்த உறவு இன்னொரு கல்யாணப் பேச்சால் உடைந்தது. இளைய ஹென்றி இரவோடிரவாகத் தப்பி மாமனார் லூயியிடம் பாரீசுக்கு ஓடினார். தம்பிகளும் தாய் எலினோரும் அவர் பக்கம். ஆண் வேஷத்தில் தப்ப முயன்ற எலினோர் பிடிபட்டார். 1174 ஜூலையில் இரண்டாம் ஹென்றி நார்மண்டியிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது எலினோரையும் மார்கரித்தையும் கூடவே கொண்டுபோனார். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் கணவரும் அப்பாவும், தான் இருப்பதோ மாமனாரின் கப்பலில். கலகம் தோற்றது. மகன்களுக்கு மன்னிப்பு, மனைவிக்குப் பதினைந்து வருஷக் காவல்.

1177 ஜூனில் மார்கரித் பாரீசில் ஒரு மகனைப் பெற்றார். வில்லியம் என்று பெயர் வைத்தார்கள். மூன்று நாளில் குழந்தை இறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குக் குழந்தையே பிறக்கவில்லை. அந்தக் குழந்தை பிழைத்திருந்தால் வெக்ஸின் பிரச்சினை அதோடு தீர்ந்திருக்கும், பேரன் சொத்து என்று இரு பக்கமும் விட்டிருப்பார்கள். பிழைக்காததால் மார்கரித்தின் நிலை அந்தரத்தில் தொங்கியது.

அடுத்து வருவது, இணையத்தில் இவரைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படும் சமாச்சாரம். கணவரின் வீரர் குழுவில் வில்லியம் மார்ஷல் என்ற பெரும் வீரர் இருந்தார். போட்டிச் சண்டைகளில் அந்தக் காலத்தில் அவரை வெல்ல ஆளில்லை. 1182-இல் அவருக்கும் மார்கரித்துக்கும் கள்ளத்தொடர்பு என்று பொறாமைக்காரர்கள் சிலர் கிளப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை. மார்ஷல் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மன்னரின் அவைக்கு வந்து, குற்றம்சாட்டுபவர்களோடு மோதி நிரூபிக்கத் தயார் என்றாராம், யாரும் முன்வரவில்லையாம். இந்தக் கதை வருவது ஒரே ஒரு இடத்தில், மார்ஷல் இறந்த பின் அவருடைய குடும்பத்தார் செய்யுளில் எழுதுவித்த வாழ்க்கை வரலாற்றில். இப்படி ஒரு கிசுகிசு கிடைத்தால் விடாமல் எழுதக்கூடிய அக்கால வரலாற்றாசிரியர்கள் யாருமே இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தச் சமயத்தில் இளைய மன்னர் மார்ஷலைத் தன் குழுவிலிருந்து நீக்கியதற்குக் கர்வமும் பணமும்தான் காரணமாக இருக்கும், அரசியின் பெயரை இழுத்தது நாயகனுக்குக் காவிய அழகு சேர்க்கத்தான் என்பது பல ஆய்வாளர்களின் சந்தேகம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. சில மாதங்களிலேயே இளைய மன்னர் அதே மார்ஷலைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1183-இன் தொடக்கத்தில் மார்கரித் பாரீசுக்கு, அதற்குள் பிரெஞ்சு மன்னராகியிருந்த தம்பி பிலிப்பிடம் அனுப்பப்பட்டார். தன் அப்பாவோடும் தன் தம்பி ரிச்சர்டோடும் அடுத்த சண்டைக்குக் கணவர் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. மனைவியைப் பத்திரமான இடத்துக்கு அனுப்ப வேறு காரணம் தேடத் தேவையில்லை.

அந்தச் சண்டையின் நடுவில், 1183 ஜூன் 11 அன்று, மார்டெல் என்ற ஊரில் வயிற்றுக்கடுப்பு நோயால் இளைய மன்னர் இறந்தார். வயது இருபத்தெட்டு. சிலுவைப் போருக்குப் போவதாக அவர் நேர்ந்துகொண்டிருந்தார். தன் சிலுவைச் சின்னத்தை ஜெருசலேமுக்குக் கொண்டுபோகும்படி மார்ஷலிடம் கேட்டுக்கொண்டார். மார்ஷல் அதை நிறைவேற்றினார்.

இருபத்தைந்து வயதில் விதவை, குழந்தை இல்லை. தம்பி பிலிப் உடனே கணக்குக் கேட்டார்: வாரிசு இல்லையென்றால் சீதனம் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும், வெக்ஸினைக் கொடு. அதோடு, கணவர் வீடு அவருக்கு எழுதிவைத்த விதவைப் பங்கையும் கொடு. 1183 டிசம்பரில், இரண்டு மன்னர்களும் வழக்கமாகப் பேசும் ஜிஸோர் எல்லை மரத்தடியில் ஒரு சமரசம் ஆனது. மார்கரித்துக்கு ஆண்டுதோறும் பெரிய தொகை கொடுக்கப்படும். வெக்ஸின், அவருடைய தங்கை அலிஸை மணக்கும் ஹென்றியின் மகனுக்குப் போகும். அதாவது சீதனம் அப்படியே இருக்கட்டும், பெண்ணை மட்டும் மாற்றிக்கொள்வோம்!

அந்த அலிஸ் நிலைமை இன்னும் பரிதாபம். 1169-இலேயே ரிச்சர்டுக்கு நிச்சயிக்கப்பட்டு ஹென்றியின் அரண்மனையில் இருபது வருஷத்துக்கு மேல் கல்யாணமாகாமலே வைக்கப்பட்டிருந்தார். 1191-இல் ரிச்சர்டு, என் அப்பாவே அவளை வைத்திருந்தார் என்று குற்றம்சாட்டி நிச்சயத்தை முறித்தார். வெக்ஸின் என்ன ஆயிற்று என்றால், ரிச்சர்டு ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த 1193-இல் பிலிப் ஜிஸோரைப் பிடித்துக்கொண்டார். அதை ஈடுகட்டத்தான் ரிச்சர்டு சேன் ஆற்றின் மேல் காயார் கோட்டையைக் கட்டினார். 1204-இல் பிலிப் அதையும் பிடித்தார், பின்னாலேயே நார்மண்டி முழுவதும் போயிற்று. இரண்டு வயதுக் குழந்தையின் கல்யாணத்தால் ஹென்றி சம்பாதித்தது அவர் இறந்து பதினைந்து ஆண்டுக்குள் மிச்சமில்லாமல் கரைந்தது.

மார்கரித் அதற்கு முன்பே வேறு நாட்டுக்குப் போய்விட்டார். ஹங்கேரி மன்னர் மூன்றாம் பேலா மனைவியை இழந்து பெண் தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பேலா சுவாரசியமான ஆள். கான்ஸ்டான்டிநோபிளில், பைசாந்தியப் பேரரசர் மனுவேலின் அவையில் வளர்ந்தவர். மனுவேலுக்கு மகன் இல்லாததால் பேலாவை மருமகனாக்கி வாரிசாக்க நினைத்தார், அலெக்சியஸ் என்று பெயர்கூட மாற்றினார். பிறகு 1169-இல் மனுவேலுக்கு மகன் பிறந்ததும் நிச்சயதார்த்தம் ரத்து. 1172-இல் அண்ணன் இறந்ததால் பேலா ஹங்கேரிக்குத் திரும்பி மன்னரானார். மனைவி இறந்த பிறகு முதலில் ஒரு பைசாந்திய இளவரசியைக் கேட்டார். அந்தப் பெண் துறவு பூண்டவர் என்று சபை மறுத்துவிட்டது. அடுத்து இரண்டாம் ஹென்றியின் பேத்தியைக் கேட்டார். ஹென்றி இழுத்தடித்தார். மூன்றாவதாகத்தான் பாரீசுக்கு ஆள் வந்தது.

பேலாவின் வருமானப் பட்டியல் ஒன்று பாரீசில் இன்றும் இருக்கிறது. நாணய அச்சடிப்பில் 60,000 மார்க் (அக்கால வெள்ளி அளவு), உப்பில் 16,000, டிரான்சில்வேனியாவில் குடியேறிய வெளிநாட்டார் கட்டும் வரி 15,000 என்று வரிசையாகப் போகும். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வசதியைக் காட்டப் பெண் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பட்டியல்தான் இது என்பது பரவலான கருத்து. அப்படியானால் தொகைகள் கொஞ்சம் ஊதிப் பெருக்கப்பட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது எந்த ஊரில் இல்லை!

1186-இல் மார்கரித் தன் விதவைப் பங்குக்கான ஆண்டுத் தொகையைத் தன் பெயரிலேயே சாசனம் எழுதி உறுதிப்படுத்திக்கொண்டார். அப்புறம்தான் பாரீசிலிருந்து புறப்பட்டார். எனக்கு இந்த வரிசை முக்கியமாகப் படுகிறது. முதல் கல்யாணத்தில் அவருக்காக எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவது கல்யாணத்துக்கு முன் பேசப்பட்ட பணத்தில் அவர் பெயர் இருக்கிறது. தம்பி பிலிப்பின் அரசியல் இதில் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இருபத்தெட்டு வயது விதவை அரசியை, இரண்டு வயதுக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

டான்யூப் கரையில் எஸ்டெர்கோம் அரண்மனையில் அவருடைய அடுத்த பத்தாண்டுகள் கழிந்தன. ஹங்கேரிக்குப் பிரெஞ்சுக் கலையையும் நாகரிகத்தையும் அவர்தான் கொண்டுபோனார் என்று சிலர் எழுதுவார்கள். அது மிகை. அவர் வருவதற்கு முன்பே பேலா பிரான்ஸிலிருந்து சிஸ்டர்சியன் துறவிகளை அழைத்து மடங்கள் நிறுவியிருந்தார். எஸ்டெர்கோம் பேராயர் லூகாஸ் பாரீசில் படித்தவர். ஏற்கெனவே திறந்திருந்த கதவு வழியாகத்தான் மார்கரித் நுழைந்தார். எஸ்டெர்கோமில் ஒரு குன்றுக்கு இன்றும் புனித தாமஸ் என்று பெயர். அந்தத் தாமஸ் வேறு யாருமில்லை, குரங்குகளோடு பாரீசுக்குப் பெண் கேட்டுப் போன பெக்கெட். அவருக்கு அங்கே ஆலயம் எழும்பியதில் அரசிக்கும் பேராயருக்கும் பங்கு இருந்திருக்கும் என்று ஊகிக்கிறார்கள்.

1189-இல் ஜெர்மானியப் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா மூன்றாம் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் எஸ்டெர்கோமில் தங்கினார். அரசி அவருக்கு ஒரு கூடாரம் பரிசளித்தார். சிவப்புத் துணியில் நான்கு அறைகள் கொண்டது, உள்ளே விரிப்பும் கட்டிலும் தந்த நாற்காலியும். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு விஷயம். பேலா தன் தம்பி கேசாவைப் பல ஆண்டுகளாகச் சிறையில் வைத்திருந்தார். அவரை விடுவிக்கச் சொல்லுங்கள் என்று அரசி பிரெடரிக்கிடம் கேட்டார். விருந்தாளியாக வந்த பேரரசர் கேட்டால் பேலா மறுக்க முடியாதே. கேசா விடுதலையாகி, சிலுவைப் படையோடு சேர்ந்து கிழக்கே போனார். கணவரிடம் நேராகக் கேட்காமல் எங்கே கேட்டால் காரியம் நடக்கும் என்று தெரிந்த பெண்மணி.

1196 ஏப்ரலில் பேலா இறந்தார். அவரும் சிலுவைப் போருக்கு நேர்ந்துகொண்டு போகாமலே இறந்தவர். அதற்கென்று சேர்த்த பணத்தை இளைய மகன் ஆண்ட்ரூவிடம் கொடுத்து நேர்ச்சையை ஒப்படைத்தார். அந்தப் பிள்ளை பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் இம்ரேயோடு சண்டை போட்டார். ஜெருசலேம் பக்கம் அவர் புறப்பட்டது 1217-இல்தான்.

மார்கரித் காத்திருக்கவில்லை. ஹங்கேரியில் தனக்கிருந்த விதவைப் பங்கை விற்றுக் காசாக்கினார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயது. பாரீசுக்குத் திரும்பி தம்பி நிழலில் இருந்திருக்கலாம், ஒரு மடத்தில் சேர்ந்திருக்கலாம், பிலிப் மூன்றாவது கல்யாணமும் பேசியிருப்பார். அந்தப் பணத்தில் வீரர்களைத் திரட்டி, 1197-இல் ஜெர்மானியர்கள் கிளம்பிய சிலுவைப் போரோடு சேர்ந்துகொண்டு, இன்றைய லெபனான் கரையிலுள்ள டயர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் கணவர் நேர்ந்தது, இரண்டாவது கணவர் நேர்ந்தது, இரண்டுமே அவர்களால் ஆகவில்லை. மனைவி தன் செலவில் போனார்.

அங்கே அப்போது ஜெருசலேம் அரசை நடத்திக்கொண்டிருந்தவர் ஷாம்பேன் நாட்டு ஹென்றி. நான் தொடக்கத்தில் சொன்ன மாரியின் மகன், மார்கரித்துக்கு அக்கா மகன். சித்தியை வரவேற்க அவர் டயருக்கு வந்தார். போரில் கலந்துகொள்ளும் அளவுக்கு மார்கரித்துக்கு நாள் கிடைக்கவில்லை. வந்து சேர்ந்த சில நாட்களிலேயே மார்கரித் இறந்தார், டயர் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். கொண்டுவந்த செல்வத்தையெல்லாம் அக்கா மகனுக்கு விட்டுச் சென்றார். வெக்ஸினைப் போல யாரும் அதற்கு ஒப்பந்தம் போடவில்லை, யாருக்குக் கொடுப்பது என்று அவரே முடிவு செய்தார். ஆனால் ஷாம்பேன் ஹென்றிக்கும் அது உதவவில்லை. 1197 செப்டம்பர் 10 அன்று ஏக்கர் நகரத்து அரண்மனை ஜன்னலிலிருந்து கீழே விழுந்து அவரும் இறந்துபோனார்.